உறைந்த ஏரிக்குப் போகும் வண்டியும் தடச் சீட்டும்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பொதுத் தடங்களிலோ பொதுச் சாலைகளிலோ பொது நிலங்களிலோ ஸ்னோமொபைல் என்ற பனிவண்டியை ஓட்ட வேண்டுமானால் வண்டியில் தட அனுமதிச் சீட்டு ஒட்டியிருக்க வேண்டும். இந்த விதியிலிருந்து மீன்பிடிப்பவர்களுக்குச் சட்டமே ஒரு விலக்கு தந்திருக்கிறது. உறைந்த பொதுநீர்ப்பரப்பின் மேல், மீன்பிடிப்பதற்காகப் போய்வர மட்டுமே பயன்படும் வண்டிக்குச் சீட்டு வேண்டாம். ‘உறைந்த நீர்ப்பரப்பு’, ‘மீன்பிடிப்பதற்காக’, ‘மட்டுமே’ ஆகிய மூன்றும் விலக்குக்கு மூன்று பக்கமும் போட்ட வேலிகள். ஏரியில் மீன்பிடிக்கத்தான் போகிறோம், நமக்குச் சீட்டு எதற்கு என்று கிளம்பிப் பாதி வழியில் அபராதம் கட்டுபவர்கள், பெரும்பாலும் இந்த வேலிகளில் ஒன்றைக் கவனியாமல் தாண்டியவர்கள்தாம்.

மிச்சிகனில் இப்படி ஒரு விலக்கு தேவைப்பட்டதற்குக் காரணம் அதன் நில அமைப்பு. வட அமெரிக்காவின் ஐந்து பேரேரிகளில் சுப்பீரியர், மிச்சிகன், ஹியூரான், ஈரி என நான்கின் கரை இந்த மாநிலத்துக்கு உண்டு. உள்நாட்டில் 11,000-க்கும் மேற்பட்ட ஏரிகள். குளிர்காலத்தில் இவற்றில் பெரும்பாலானவை உறைந்துவிடுகின்றன. நீர் 4 டிகிரி செல்சியஸில் மிக அடர்த்தியாக இருக்கும். அதற்கும் கீழே குளிரும்போது லேசாகி மேலே மிதந்து உறையும். அதனால் ஏரிகள் மேலிருந்து கீழ்நோக்கித்தான் உறைகின்றன. மேலே பனிக்கட்டி மூடினாலும் அடியில் நீர் இருக்கிறது, நீரில் மீனும் இருக்கிறது. வால்-ஐ, மஞ்சள் பெர்ச், பைக், புளூகில் எல்லாம் குளிர்காலத்திலும் இரை தேடும். பனிக்கட்டியில் ஒரு துளை போட்டுத் தூண்டிலை இறக்கினால் போதும். துளையருகே டிப்-அப் என்ற கருவியை நட்டு வைப்பதும் வழக்கம். மீன் கடித்து நூலை இழுத்ததும் அதிலுள்ள சிறு கொடி விசுக்கென்று நிமிரும். ஹௌட்டன் ஏரிக்கரையில் 1951 முதல் நடந்துவரும் குளிர்காலத் திருவிழாவுக்கு ‘டிப்-அப் டவுன்’ என்ற பெயர் அந்தக் கருவியால் வந்தது.

ஹௌட்டன் மாநிலத்திலேயே பெரிய உள்நாட்டு ஏரி, பரப்பு ஏறத்தாழ 20,000 ஏக்கர். ஹியூரான் ஏரியின் சாகினா வளைகுடாவிலோ மீன் இருக்குமிடம் கரையிலிருந்து பல மைல் தள்ளியும் அமையலாம். துளை போடும் கருவி, கூடாரம், அடுப்பு, தூண்டில்கள், இரைக்கான சிறுமீன் வாளி என்று ஒரு குடும்பச் சுமையே உண்டு. இத்தனையையும் இழுத்துக்கொண்டு பனிக்காற்றில் நடப்பது லேசான காரியமில்லை. ஆகவே, பின்னால் ஒரு சறுக்குப் பலகையைக் கட்டிச் சாமான்களை ஏற்றி ஸ்னோமொபைலில் போவது அங்கே சாதாரணம். கியூபெக்கின் வால்கூர் ஊரைச் சேர்ந்த ஜோசப்-அர்மான் பொம்பார்டியே 1959-இல் ‘ஸ்கி-டூ’ என்ற சிறிய வண்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் சுழலும் அகன்ற ரப்பர் பட்டை. இந்த வகை வண்டி வந்தபின் வடபுலத்துக் கிராமங்களில் உழைப்புக்கும் பொழுதுபோக்குக்கும் ஒரே வாகனம் கிடைத்தது. விதிகளில் வரும் சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. உல்லாசமாக 200 மைல் சுற்றுபவரும் அரை மைல் தள்ளியுள்ள மீன்துளைக்குப் போகிறவரும் ஓட்டுவது ஒரே வண்டி.

மிச்சிகனில் ஸ்னோமொபைல் பற்றிய விதிகள் 1994-ஆம் ஆண்டின் இயற்கை வளங்கள் மற்றும் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 821-ஆம் பகுதியில் இருக்கின்றன. மீன்பிடிக்கப் போகிறவர் வண்டிப் பதிவு, தடச் சீட்டு, மீன்பிடி உரிமம் என்ற மூன்றையும் தனித்தனியாகப் பிரித்தறிந்துவிட்டால் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும். மூன்றையும் தருவது ஒரே மாநிலம் என்றாலும் மூன்றுக்கும் நோக்கம் வேறு. பதிவு, இந்த வண்டி யாருடையது என்பதற்கான அடையாளம். தடச் சீட்டு, பாதையைப் பேணுவதற்கான பங்குப் பணம். உரிமம், நீரில் உள்ள மீனில் கைவைக்கும் அனுமதி. மீன்பிடிப்பவருக்கான விலக்கு நடுவில் உள்ள தடச் சீட்டைப் பற்றியது. மற்ற இரண்டையும் அது தொடுவதே இல்லை.

வாகனப் பதிவு மிச்சிகனில் மாநிலச் செயலர் அலுவலகத்தின் பொறுப்பு. ஸ்னோமொபைலுக்கான பதிவு மூன்றாண்டுகளுக்குச் செல்லும், கட்டணம் 30 டாலர். கடைசி ஆண்டின் செப்டம்பர் 30 அன்று காலாவதியாகும். சொந்த நிலத்துக்குள் மட்டும் ஓடும் வண்டிக்குப் பதிவு வேண்டாம். ஏரி பொதுநீர் என்பதால் அதன் மேல் ஓடும் வண்டிக்கு இந்தச் சலுகை கிடைக்காது. எண்ணும் ஒட்டியும் வண்டியின் முன்பாதியில் இருபுறமும் தெரிய வேண்டும். தடச் சீட்டு வேண்டாம் என்று கேள்விப்பட்டதை எந்த ஒட்டியும் வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு, பதிவு முடிந்த பழைய வண்டியைக் கொட்டகையிலிருந்து ஏரிக்கு ஓட்டி வருவது எளிதில் நேரக்கூடிய தவறு.

தடச் சீட்டை விற்பது இயற்கை வளத் துறை. இணையத்திலும் வாங்கலாம், மீன்பிடி உரிமம் விற்கும் முகவர் கடைகளிலும் வாங்கலாம். அக்டோபர் 1 முதல் அடுத்த செப்டம்பர் 30 வரை ஓராண்டு செல்லும். ஜனவரியில் வாங்கினாலும் முடிவது அதே செப்டம்பரில்தான். 2020-களின் தொடக்கத்தில் விலை 52 டாலர், அதற்கு முன்பு 48. விலைவாசியை ஒட்டி அவ்வப்போது உயர்த்துவதற்குச் சட்டத்திலேயே வழி இருப்பதால் வாங்கும் ஆண்டின் விலையைப் பார்த்துக்கொள்வது நல்லது. உள்ளூர்க்காரர், வெளியூர்க்காரர் என்ற பேதம் இந்த விலையில் கிடையாது. சீட்டை வண்டியின் முன்பாதியில், முகப்பு விளக்குக்கு நேர் மேலேயோ கீழேயோ, நிரந்தரமாக ஒட்டிவிட வேண்டும். சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கேட்டால் காட்டலாம் என்பது செல்லாது. சீட்டு வண்டிக்கு உரியது, ஓட்டுநருக்கு உரியதன்று. வீட்டில் இரண்டு வண்டி இருந்தால் இரண்டு சீட்டு வாங்க வேண்டும்.

இந்தப் பணம் எங்கே போகிறது என்பதைப் பார்த்தால் விலக்கின் நியாயமும் விளங்கிவிடும். மிச்சிகனில் அரசு குறித்துவைத்த ஸ்னோமொபைல் தடங்கள் 6,000 மைலுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர். இவற்றில் பெரும்பகுதி, தன்னார்வச் சங்கங்களும் உள்ளூர் அமைப்புகளும் அரசின் மானியத்தில் பேணும் தடங்கள். புதுப்பனி விழுந்து வண்டிகள் ஓடினால் தடம் மேடும் பள்ளமுமாகக் குலுங்கத் தொடங்கும். இரவு நேரத்தில் கனத்த டிராக்டர் போன்ற இயந்திரம் ஒன்று, பின்னால் ஒரு சமன்பலகையை இழுத்துக்கொண்டு தடம் முழுக்க ஊர்ந்து, மேட்டைச் சீவிப் பள்ளத்தை நிரப்பி அழுத்திவிட்டுப் போகும். அதற்கு எரிபொருள், பழுதுபார்ப்பு, ஓட்டுநர் கூலி எல்லாம் வேண்டும். பாலங்கள், வழிகாட்டிப் பலகைகள், தனியார் நிலத்தில் தடம் போகும் இடங்களில் உரிமையாளரோடு செய்துகொள்ளும் குத்தகை ஆகியவையும் உண்டு. இந்தச் செலவுகளுக்கான நிதிக்கு முதன்மையான ஊற்று தடச் சீட்டு. பயன்படுத்துகிறவரே பேணுதலுக்கும் கொடுக்கட்டும் என்பது ஏற்பாடு.

உறைந்த ஏரியில் அப்படிப்பட்ட பாதை எதுவும் இல்லை. அதைச் சமன் செய்ய இயந்திரம் வருவதில்லை, யாரிடமும் குத்தகைக்கு எடுக்க வேண்டியதும் இல்லை. குளிர் தானே போட்டுத் தானே கரைத்துவிடும் தளம் அது. கரையில் வண்டியை இறக்கி, ஏரியின் மேலேயே சென்று, மீன்பிடித்துவிட்டு அதே வழியில் திரும்புபவர் தடநிதியிலிருந்து ஒரு காசுப் பயனும் பெறவில்லை. அவரிடம் தடத்துக்காக வசூலிப்பது முறையாகாது. சட்டம் இதைக் காரணமாக விரித்துச் சொல்லவில்லை, ஆனாலும் விலக்கின் எல்லைகள் எல்லாம் இந்தத் தர்க்கத்தோடு பொருந்துகின்றன. அதை மனதில் வைத்துக்கொண்டால் ஐயம் வரும் பல இடங்களில் விடை தானாகவே கிடைக்கும்.

வீடு ஏரியிலிருந்து ஒரு மைல் தள்ளி, நடுவில் காட்டு வழியாக ஒரு பொதுத் தடம் என்று வைத்துக்கொள்வோம். வீட்டு வாசலிலேயே வண்டியை முடுக்கித் தடத்தில் ஒரு மைல் ஓட்டி ஏரியில் இறங்குபவருக்கு விலக்கு கிடையாது. போவது மீன்பிடிக்கத்தான், சந்தேகமில்லை. ஆனால் வண்டி உறைந்த நீர்ப்பரப்பில் ‘மட்டும்’ ஓடவில்லை. அந்த ஒரு மைலுக்காக அவர் முழுச் சீட்டு வாங்க வேண்டும். ஒரு நாளைக்கு, ஒரு மைலுக்கு என்று குறைந்த கட்டணம் எதுவும் வைத்திருக்கவில்லை. இது கொஞ்சம் கடுமைதான். தடத்துக்குப் பதிலாகச் சாலையோரமாக வந்தாலும், மாநிலக் காட்டு நிலத்தைக் குறுக்கே கடந்து வந்தாலும் நிலைமை இதுவே. அதே வண்டியைப் பின்வண்டியில் ஏற்றிக் கார் மூலம் கரைவரை இழுத்து வந்து ஏரியில் இறக்கினால் சீட்டு தேவையில்லை. தடச் சீட்டு வாங்காத பல மீனவர்கள் செய்வது இதைத்தான்.

வழியில் உள்ளது சொந்த நிலமாக இருந்தால் சிக்கல் இல்லை. தன் நிலத்தில் ஓட்டும் உரிமையாளருக்கும் அவர் குடும்பத்தாருக்கும் அவர் அழைத்த விருந்தினருக்கும் தடச் சீட்டு வேண்டாம் என்ற தனி விலக்கு இருக்கிறது. ஏரிக்கரையில் வீடு உள்ளவர் கொல்லைப்புறத்திலிருந்து நேரே பனிக்கட்டியில் இறங்கும்போது அவருக்கு இரண்டு விலக்குகளும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடைத்துவிடுகின்றன. அயலார் நிலத்தில் அனுமதியில்லாமல் குறுக்கே போவது சீட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அத்துமீறல். தடத்துக்கு நிலம் கொடுத்த உரிமையாளர்கள் இத்தகைய அத்துமீறல்களால் மனம் வெறுத்துக் குத்தகையை நிறுத்திவிட்டால் அந்தப் பகுதியில் தடமே அறுந்துபோகும். அதனால் சங்கங்கள் சீட்டை விடவும் இந்த விஷயத்தில் கறாராக இருக்கின்றன.

நோக்கம் பற்றிய வேலிக்கு மாக்கினாக் தீவை நினைத்துப் பார்க்கலாம். கார்களுக்கே இடமில்லாத அந்தத் தீவில் குளிர்காலத்தில் ஸ்னோமொபைலுக்கு அனுமதி உண்டு. நீர்வழி நன்றாக உறையும் ஆண்டுகளில், பண்டிகை முடிந்து கழித்துப்போட்ட கிறிஸ்துமஸ் மரங்களைப் பனிக்கட்டியில் வரிசையாக நட்டு வழி குறித்துக்கொண்டு, தீவுக்காரர்கள் செயின்ட் இக்னஸ் ஊருக்குப் போய்வருவார்கள். அவர்கள் ஓட்டுவதும் உறைந்த நீர்ப்பரப்பில்தான். ஆனால் கடைக்கோ உறவினர் வீட்டுக்கோ போகும் பயணத்துக்கு மீன்பிடி விலக்கின் சொற்களில் இடம் இல்லை. அதேபோல் தூண்டிலை ஒரு பக்கம் போட்டுவிட்டு ஏரியைச் சுற்றி வேகப் பந்தயம் விடுகிறவரும் தாம் மீன்பிடிக்கவே வந்ததாகச் சொல்லித் தப்புவது கடினம். வார நாள்களில் மீன்பிடிக்கவும் வாரக் கடைசியில் தடத்தில் சுற்றவும் ஒரே வண்டி பயன்படுமானால் ‘மட்டுமே’ என்ற சொல் அங்கே அடிபட்டுப்போகிறது. அப்படிப்பட்டவர் சீட்டை வாங்கி ஒட்டிவிடுவதே சரி.

வண்டி வகை மாறினால் விதியும் மாறிவிடுகிறது. இந்த இடத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள். நான்கு சக்கர ஏடிவி வண்டியில் ஏரிக்குப் போகிறவர்களும் இப்போது நிறைய. மிச்சிகன் சட்டத்தில் ஏடிவி ஸ்னோமொபைல் ஆகாது, அது சாலைசாரா வாகனம் என்ற வேறு பிரிவில் அடங்கும். அந்தப் பிரிவுக்கு ஆண்டு உரிம ஒட்டி ஒன்றும், அதற்கு மேல் தட அனுமதி ஒன்றும் உண்டு. இவற்றில் உரிம ஒட்டி, உறைந்த பொதுநீர்ப்பரப்பில் ஓட்டுவதற்கும் தேவை. ஆகவே ஒரே ஏரியில் அடுத்தடுத்த துளைகளில் உட்கார்ந்திருக்கும் இருவரில், ஸ்னோமொபைலில் வந்தவர் தடத்துக்கான ஒட்டி எதுவும் இல்லாமலும் ஏடிவியில் வந்தவர் உரிம ஒட்டியோடும் இருக்க வேண்டியிருக்கும். வேறு வேறு காலத்தில் வேறு வேறு பிரிவுகளாக எழுதிச் சேர்த்த சட்டத்தில் இத்தகைய கோணல்கள் வரத்தான் செய்யும்.

பழைய வண்டிகளுக்கும் ஒரு சலுகை உண்டு. 25 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டியைச் சேகரிப்புப் பொருளாக வைத்திருப்பவர், 50 டாலர் கட்டி ஒரே தடவையில் ‘வரலாற்று வண்டி’ என்று பதிந்துகொள்ளலாம். கண்காட்சி, அணிவகுப்பு போன்ற எப்போதாவது நேரும் பயன்பாட்டை மனதில் வைத்துக் கொடுத்த சலுகை அது. நாள்தோறும் மீன்பிடிக்கப் போகும் கிழட்டு வண்டிக்கு அதைக் கவசமாக்கிக்கொள்வது பொருந்தாது.

வெளிமாநிலத்திலிருந்து வருபவரின் கணக்கு சற்று வேறு. ஒஹையோவிலோ விஸ்கான்சினிலோ வண்டியை முறையாகப் பதிந்திருந்தால் மிச்சிகன் அந்தப் பதிவை ஏற்றுக்கொள்ளும். சொந்த மாநிலத்துத் தடச் சீட்டை மட்டும் ஏற்காது. மிச்சிகன் தடத்தில் ஓட்ட மிச்சிகன் சீட்டுதான் வேண்டும். மீன்பிடி விலக்கு வெளியூராருக்கும் பொருந்தும், அதே வேலிகளோடு. எல்லையில் ஓடும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துக்குப் போனால் ஏற்பாடே வேறு. அங்கே தடங்களைப் பேணுவது ஒன்டாரியோ ஸ்னோமொபைல் சங்கங்களின் கூட்டமைப்பு. சீட்டையும் அந்த அமைப்பே வழங்குகிறது, மாகாணச் சட்டம் அதைக் கட்டாயமாக்குகிறது. சூ செயின்ட் மரீ என்ற ஒரே பெயரில் எல்லையின் இருபுறமும் இரண்டு நகரங்கள் எதிரெதிரே இருக்கின்றன. ஒரு கரையில் வாங்கிய சீட்டு மறுகரையில் வெறும் காகிதம்.

பிப்ரவரி மாதத்தில் இயற்கை வளத் துறை கட்டணமில்லா வார இறுதிகளை அறிவிப்பது வழக்கம். ஸ்னோமொபைலுக்கான இலவச நாள்களில் பதிவும் தடச் சீட்டும் இல்லாமல் பொதுத் தடங்களில் ஓட்டலாம். மீன்பிடிப்புக்கான இலவச நாள்களில் உரிமக் கட்டணம் இல்லை. இரண்டும் ஒரே வார இறுதியில் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால், ஒன்றை அறிந்து மற்றொன்றும் இலவசம் என்று எண்ணிவிடக் கூடாது. கட்டணம் தள்ளுபடியாகும் நாள்களிலும் அளவு, எண்ணிக்கை, பாதுகாப்பு பற்றிய மற்ற விதிகள் எல்லாம் அப்படியே இருக்கும்.

மீன்பிடி உரிமம் 17 வயது நிரம்பியவருக்குக் கட்டாயம். மார்ச் 1-இல் தொடங்கி அடுத்த ஆண்டு மார்ச் 31 வரை பதின்மூன்று மாதம் செல்லும்படி அதை அமைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தின் கடைசி மாதத்தில் பழைய உரிமத்தோடே மீன்பிடிக்கலாம். ஒருவர் ஒரே நேரத்தில் மூன்று தூண்டில்கள்வரை போடலாம். டிப்-அப் ஒவ்வொன்றிலும் பயன்படுத்துபவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். சிறுவனுக்குத் தூண்டில் போட்டுக் கொடுத்து உதவும் பெரியவருக்கும் உரிமம் வேண்டும் என்பது பல தகப்பன்மாருக்குத் தெரிவதில்லை. காரை நிறுத்தும் இடம் அரசின் படகுத்துறையாக இருந்தால் காருக்குப் ‘பொழுதுபோக்குக் கடவுச்சீட்டு’ என்ற இன்னொரு ஒட்டியும் தேவை. ஏரிக்குள் இலவசமாகப் போகிறவர் கரையில் அபராதத்தில் மாட்ட இது ஒரு வழி.

தடச் சீட்டு தேவையில்லாத வண்டி ஓட்டும் முறையில் சுதந்திரம் பெற்றுவிடுவதில்லை. தலைக்கவசம் கட்டாயம், சொந்த நிலத்தில் ஓட்டும்போது மட்டும்தான் தளர்வு. உறைந்த பொதுநீரில் வண்டியில் இல்லாத ஒருவருக்கோ மீன்பிடிக் குடிலுக்கோ 100 அடிக்குள் போகும்போது, வண்டியைக் கட்டுப்பாட்டோடு முன்னே நகர்த்தத் தேவையான மிகக் குறைந்த வேகத்தில்தான் போக வேண்டும். இந்த விதிக்குப் பின்னால் நல்ல காரணம் இருக்கிறது. குடிலுக்குள் இருப்பவர் வெளியே பார்ப்பதில்லை, துளையை நோக்கிக் குனிந்திருப்பார். வெளியே வருபவரோ பனிப்புழுதியில் கண்ணுக்குப் படமாட்டார். நள்ளிரவு முதல் காலை 6 மணிவரை குடியிருப்புக்கு 100 அடிக்குள்ளும் இதே குறைந்த வேகம்தான். சாலையைக் கடக்க நேர்ந்தால் முழுதும் நின்று, வழிவிட்டு, செங்குத்தாகக் கடக்க வேண்டும்.

பன்னிரண்டு வயது நிரம்பாத பிள்ளைகள் பெரியவரின் நேரடிக் கண்காணிப்பு இல்லாமல் ஓட்டக் கூடாது. 12 முதல் 16 வரை உள்ளவர்கள் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும், இல்லையேல் 18 நிரம்பிய ஒருவரின் நேரடிக் கண்காணிப்பில் ஓட்ட வேண்டும். குடிலில் அடுப்பும் சீட்டாட்டமும் இருந்தால் மதுவும் கூடவே வந்துவிடும். இரத்தத்தில் 0.08 விழுக்காடு என்ற கார் ஓட்டுநருக்கான வரம்பே ஸ்னோமொபைலுக்கும். ஏரியில் ரோந்து வரும் வனவள அதிகாரிகளும் மாவட்ட ஷெரிஃபின் காவலர்களும் ஒட்டிகளை மட்டும் பார்ப்பதில்லை.

தடத்துக்கும் ஏரிக்கும் உள்ள மிகப் பெரிய வேறுபாடு சட்டப்புத்தகத்தில் இல்லை. தடத்தில் யாரோ ஒருவர் பாலத்தைச் சோதித்திருக்கிறார், வளைவில் பலகை நட்டிருக்கிறார். ஏரியில் அப்படி யாரும் இல்லை. பனிக்கட்டி தாங்குமா என்று பார்ப்பது போகிறவர் பொறுப்பு. அண்டை மாநிலமான மின்னசோட்டாவின் இயற்கை வளத் துறை, புதிய தெளிந்த பனிக்கட்டி நடப்பவருக்கு 4 அங்குலமும் ஸ்னோமொபைலுக்கு 5 முதல் 7 அங்குலமும் இருக்க வேண்டும் என்று வழிகாட்டுகிறது. மிச்சிகன் துறையோ இத்தகைய அங்குலக் கணக்கையே நம்ப வேண்டாம் என்கிறது. அந்த எச்சரிக்கையில் பொருள் இருக்கிறது. ஒரே ஏரியில் ஓரிடத்தில் எட்டு அங்குலமும் ஊற்று உள்ள இடத்தில் இரண்டு அங்குலமும் இருக்கலாம். நீலச்சாயல் உள்ள தெளிந்த கட்டி வலுவானது. பனி உருகி மறுபடி உறைந்த வெண்கட்டி அதில் பாதி வலுவே உள்ளது. மேலே கனமாகப் பனி படிந்தால் அது போர்வையாகிக் குளிரைத் தடுத்து, கட்டி தடிப்பதைத் தாமதப்படுத்தும். ஆற்றுமுகங்களிலும் பாலங்களுக்கு அடியிலும் நீர் நகர்ந்துகொண்டே இருப்பதால் அங்கே எப்போதும் மெலிவு. பேரேரிகளில் காற்று திசை மாறினால் பெரிய பனிப்பாளமே கரையிலிருந்து பிய்ந்து ஆட்களோடு நகர்ந்துவிடும். 2009 பிப்ரவரியில் ஒஹையோ கரையோரம் ஈரி ஏரியில் இப்படி 130-க்கும் மேற்பட்டவர்கள் சிக்கி மீட்கப்பட்டனர், ஒருவர் இறந்தார்.

நடந்து போகிறவர் இரும்புக் கோலால் முன்னே குத்திப் பார்த்துக்கொண்டே போகலாம். வண்டியில் விரைபவருக்கு அந்த அவகாசம் இல்லை. இருட்டில் முகப்பு விளக்கு காட்டும் தூரத்துக்குள் வண்டியை நிறுத்த முடியாத வேகத்தில் போனால், திறந்த நீர் கண்ணில் படும்போது எல்லாம் முடிந்திருக்கும். அனுபவசாலிகள் மிதவை உடை அணிகிறார்கள். நீரில் விழுந்தால் பனிக்கட்டியைக் குத்திப் பிடித்து மேலே ஏற, கயிற்றில் கோத்த இரண்டு கூரூசிகளைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்கிறார்கள். முந்தைய நாள் யாரோ ஓட்டிய சுவடு கண்ணில் பட்டாலும் இன்றைய பனிக்கட்டிக்கு அதை அத்தாட்சியாகக் கொள்வதில்லை.

ஏரியில் இரவும் விட்டுவைக்கும் குடில்களுக்கும் அடையாளம் வேண்டும். உரிமையாளரின் பெயரும் முகவரியுமோ, ஓட்டுநர் உரிம எண்ணோ, மீன்பிடி உரிம அட்டையின் எண்ணோ, எல்லாப் பக்கங்களிலும் குறைந்தது 2 அங்குல உயர எழுத்தில் அழியாதபடி எழுதியிருக்க வேண்டும். வசந்தத்தில் குடிலை அகற்றத் தவறினால் அது மூழ்கிக் குப்பையாகும். ஆதலால் அகற்றுவதற்குக் கடைசித் தேதி வைத்திருக்கிறார்கள், அது இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. தென்கிழக்கில் உள்ள செயின்ட் கிளேர் ஏரியில் பிப்ரவரியின் முதல் ஞாயிற்றுக்கிழமை சூரியன் மறைவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். மாநிலத்தின் இரு தீபகற்பங்களில், கீழ்த்தீபகற்பத்தின் தென்பகுதியில் மார்ச் 1 நள்ளிரவு, வடபகுதியில் மார்ச் 15, மேல்தீபகற்பத்தில் மார்ச் 31. விஸ்கான்சினோடு பங்கிடும் எல்லை நீர்களில் மார்ச் 15. தேதி கடந்த பின்னும் பனிக்கட்டி தாங்கினால் குடிலைக் கொண்டுபோகலாம், ஆனால் அன்றன்றே திரும்ப எடுத்துவந்துவிட வேண்டும். பனிக்கட்டி அதற்கு முன்பே மெலியத் தொடங்கினால் தேதிக்காகக் காத்திருக்கவும் கூடாது.

தடங்களின் பருவம் டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை. தனியார் நிலக் குத்தகைகளும் பெரும்பாலும் அந்தத் தேதியோடு முடிகின்றன. ஏப்ரலில் பனி மிச்சமிருந்தாலும் அந்த நிலங்களில் ஓட்ட உரிமை இல்லை. தடச் சீட்டு செப்டம்பர் 30 வரை வண்டியில் செல்லுபடியாகவே இருக்கும், ஓட்டத்தான் தடம் இருக்காது. அடுத்த பருவத்துக்கான சீட்டு அக்டோபர் 1 முதல் கிடைக்கும்.